யாருடைய அப்பு?

கிளிநொச்சி மாவட்டத்து வட்டக்கச்சியில் எங்கள் வீட்டு முன் விறாந்தையில் பதினோர் ஆண்டுகளாக ஒரு பெரிய படம் மாலையோடு தொங்கியது. வெள்ளைத் துறில் துணிக் கோட்டு அணிந்த ஒருவர் கதிரையில் அமர்ந்திருக்கிறார். தொப்பி மடியில் இருக்கிறது. ஆறு வயது மதிக்கத்தக்க சிறுவன் ஒருவன் அவருடைய முழங்காலில் கையை ஊன்றி நிற்கிறான். என் தகப்பனாரின் தகப்பனாரைப் பெற்றவர், மலாயா றெயில்வேயில் உழைத்துப் பென்சன் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பிக் கல்வீடு கட்டியவர், வீட்டில் எல்லோரும் ‘மலாயா அப்பு’ என்று சொல்லிவந்தவர், அவர்தான் இவர் என்று நாங்கள் நம்பினோம். 2013இல் வீட்டுத்திட்ட வீடு கட்டி முடிந்தவுடன் முதன்முதலாகச் சுவரில் ஏறிய படமும் அதுதான். படத்தில் இருப்பவர் அவர் அல்லர் என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை ஆண்டு பிடித்தது. அந்த வேலையில் நான் செய்த பிழைகளையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் பெயர் தெரியாத முகங்களை ஒரு பைக்குள் வைத்துக்கொண்டிருக்கும் வீடுகள் வன்னியில் எங்கள் வீடு மட்டுமல்ல.

படங்கள் எங்களிடம் வந்த விதத்தை முதலில் சொல்லவேண்டும். என் தகப்பனாரின் தாயார், அதாவது என் ஆச்சி, ஐம்பதுகளில் மட்டுவிலில் இருந்து வட்டக்கச்சிக் குடியேற்றத்துக்கு வந்தபோது ஒரு பிஸ்கற் ரின்னையும் கொண்டுவந்தார். அதற்குள் படங்களும் தபாலட்டைகளும் ஒரு சீட்டுக் கணக்குக் கொப்பியும் இருந்தன. 2009 தொடக்கத்தில் நாங்கள் தர்மபுரம், விசுவமடு என்று இடம்பெயரத் தொடங்கியபோது அல்பங்கள் எல்லாம் வீட்டோடு போய்விட்டன. ரின்னை மட்டும் அம்மா பொலித்தீன் பையில் சுற்றி உடுப்புக்குள் வைத்து மாத்தளன் வரைக்கும், பிறகு செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் வரைக்கும் கொண்டுவந்தார். இடையில் எங்கேயோ தண்ணீர் புகுந்துவிட்டது. முகாமில் திறந்தபோது பதினேழு படங்களும் நான்கு தபாலட்டைகளும் இருந்தன. அவற்றில் ஐந்து படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிப்போயிருந்தன.

என் முதற் பிழை அந்தக் கட்டியில்தான் நடந்தது. காய்ந்து ஒட்டியிருந்த இரண்டு படங்களை நகத்தால் நெம்பிப் பிரித்தேன். ஒரு பெண்ணின் முகம் முழுவதும் மற்றப் படத்தின் முதுகோடு உரிந்து போனது. அந்த முகம் யாருடையது என்று இன்றைக்கும் தெரியாது. பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் மேற்பரப்பில் ஜெலற்றின் என்ற மெல்லிய படலம் இருக்கிறது. தண்ணீர் பட்டால் அது ஊறி இளகும், காய்ந்தால் பசையாகப் பிடிக்கும். ஆகவே மறுபடியும் ஊறவைத்துத்தான் பிரிக்க வேண்டும். மிஞ்சிய மூன்றையும் பற்றறிக்கு விடும் வடிநீரில், ஒரு தட்டையான பாத்திரத்தில், பல மணி நேரம் கிடக்கவிட்டு, தாமாக விலகத் தொடங்கிய பிறகே எடுத்தேன். எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் கேத்திலுக்குள்ளேயே வெள்ளையாகப் படிகிறது, அதைப் படத்துக்கு விட மனம் வரவில்லை. பின்பக்கத்தில் மையால் எழுதிய படங்களையும் கையால் நிறம் தீட்டிய படங்களையும் இப்படி ஊறவைக்கக் கூடாது, மையும் நிறமும் கரைந்துவிடும். எதைச் செய்வதற்கு முன்னரும், ஒட்டியிருக்கும் நிலையிலேயே முன்னும் பின்னும் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை நான் அந்த முகத்தைக் கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

கோட்டுப் போட்டவரின் படத்தில் எனக்குச் சந்தேகம் எழுப்பியது அவருடைய இடது கை. சுவரில் தொங்கிய பெரிதாக்கிய பிரதியில் அது நிழலாகவே தெரிந்தது. மூலப்படத்தை ஸ்கான் செய்து கணினியில் பார்த்தபோது மணிக்கட்டில் தோல் வாரோடு ஒரு கைக்கடிகாரம் இருந்தது. ஆண்கள் கைக்கடிகாரம் கட்டுவது பரவலானது முதலாம் உலகப் போருக்குப் பிறகுதான். அதற்கு முன்னர் சட்டைப்பைக் கடிகாரமும் சங்கிலியுமே வழக்கம். எங்கள் மலாயா அப்பு முதலாம் உலகப் போருக்கு முன்பே பென்சனோடு ஊருக்கு வந்துவிட்டார் என்று கேள்வி. முப்பத்தைந்து வயதுத் தோற்றத்தில் கைக்கடிகாரத்தோடு அவர் இருக்க வழியில்லை. ஆனால் ஒரு கடிகாரத்தை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது, முதலில் வாங்கியவர் எங்கள் ஆளாகவும் இருக்கலாமே என்று அந்த எண்ணத்தை ஒதுக்கி வைத்தேன்.

பிறகுதான் படத்தைத் திருப்பிப் பார்த்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலை அது. படம் தபாலட்டை அளவில், ஏறத்தாழ 9 சென்ரிமீற்றருக்கு 14 சென்ரிமீற்றராக, தபாலட்டைத் தாளிலேயே அச்சிடப்பட்டிருந்தது. பின்பக்கத்தை நடுவில் ஒரு கோடு பிரித்தது. வலப்பக்க மேல்மூலையில் முத்திரை ஒட்டுவதற்கான கட்டம் இருந்தது. ஒரு பாதியில் செய்தியும் மறுபாதியில் முகவரியும் எழுதலாம் என்ற வழக்கம் பிரித்தானியாவில் 1902இல்தான் வந்தது, மற்ற நாடுகள் அடுத்தடுத்த ஆண்டுகளில் அதைப் பின்பற்றின. ஆகவே இந்தத் தாள் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. முத்திரையும் இல்லை, தபால் குறியும் இல்லை. அந்தக் காலத்தில் இப்படியான படங்களைக் கடித உறைக்குள் வைத்து அனுப்புவதுதான் வழமை என்பதால், முத்திரை இல்லாததை வைத்து அது அனுப்பப்படவில்லை என்று முடிவுகட்டக் கூடாது. கீழ்மூலையில், மையில்லாமல் அழுத்திப் பதித்த ஸ்ரூடியோ முத்திரை விரலுக்குத் தட்டுப்பட்டது, கண்ணுக்குத் தெரியவில்லை. நடுவில் பென்சிலால் ‘அப்பு மலாயாவில்’ என்று எழுதியிருந்தது. இந்த இரண்டு சொற்களை வைத்துத்தான் நாங்கள் பதினோர் ஆண்டுகள் மாலை போட்டோம்.

இரவில் விளக்குகளை அணைத்துவிட்டு, படத்தை மேசையில் கிடத்தி, ரோச் லைற்றை மேசையோடு மேசையாகத் தாழ்த்தி ஒரு பக்கத்திலிருந்து அடித்தால் அழுத்தங்கள் எல்லாம் நிழலோடு எழும்பி வரும். எனக்குத் தெரிந்த வழிகளில் செலவில்லாததும் அதிகம் பயன் தந்ததும் இதுதான். ரோச்சை நான்கு பக்கமும் மெல்ல நகர்த்தி, ஒவ்வொரு பக்கத்துக்கும் கைபேசியில் ஒரு படம் எடுத்தேன். ஸ்ரூடியோ முத்திரையில் சீன எழுத்துகளும், அவற்றுக்குக் கீழே ஆங்கிலத்தில் தைப்பிங் என்ற ஊர்ப்பெயரும் தெரிந்தன. 1885இல் மலாயாவின் முதல் றெயில் பாதை தொடங்கிய ஊர் அது, யாழ்ப்பாணத்தவர்கள் அங்கே நிறையப் பேர் வேலை பார்த்திருக்கிறார்கள். இன்னொரு மூலையில், பென்சில் கரி அழிந்துபோய்ப் பள்ளம் மட்டும் எஞ்சிய இடத்தில், நான் எதிர்பார்க்காத ஒரு வரி இருந்தது: ‘ஸ்ரீமுக௵ ஆடி௴’.

இளையவர்களுக்காகச் சொல்கிறேன்: ௳ என்பது நாள், ௴ மாதம், ௵ வருடம். பழைய கடிதங்களிலும் உறுதிகளிலும் இவை நிறைய வரும். பழக்கமில்லாதவர் கண்ணுக்கு யாரோ கிறுக்கிய கையொப்பம் போலத் தோன்றும். தமிழ் வருடப் பெயர்கள் அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்பி வருவதால், ஸ்ரீமுக என்றால் 1873, 1933, 1993 ஆகியவற்றுள் ஒன்று. தபாலட்டைத் தாளும் கைக்கடிகாரமும் 1873ஐ விலக்கின. 1993ஐ விலக்க ஆராய்ச்சி தேவையில்லை. ஆக, 1933 யூலை நடுப்பகுதிக்கும் ஓகஸ்ற் நடுப்பகுதிக்கும் இடைப்பட்ட காலம். இந்தக் கணக்கில் பலர் தடுக்கும் ஓர் இடம் உண்டு: தமிழ் வருடம் சித்திரையில் தொடங்குவதால் தை, மாசி, பங்குனி மாதங்கள் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். மாதத்தைப் பாராமல் வருடத்தை மட்டும் மாற்றினால் ஓராண்டு பிசகும்.

ஆண்டு தெரிந்ததும் மலாயா அப்புவின் கல்வெட்டைத் தேடினேன். எங்கள் ஆட்களில் ஒருவர் காலமானால் அந்தியேட்டி என்ற ஈமச்சடங்குக்கு அச்சிடும் சிறு நூலைத்தான் கல்வெட்டு என்கிறோம். இப்போது நினைவு மலர் என்ற பெயரில் நிறப் படங்களோடு வருகிறது. வம்ச வரலாறு தேடுபவருக்கு இதைவிட நல்ல ஆவணம் எங்களிடம் இல்லை என்பது என் எண்ணம். பெற்றோர், உடன்பிறந்தோர், மருமக்கள் எல்லோரும் அதில் இருப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாகத் திதி வெண்பா இருக்கும். வருடம், மாதம், பட்சம், திதி நான்கையும் அந்த நான்கு அடிகளுக்குள் அடக்கிவிடுவார்கள். வன்னியில் எங்கள் பிரதிகள் அழிந்தாலும் வெளியூர் உறவினர் வீடுகளில் பிரதிகள் கிடக்கும். 2005 தொடக்கம் இயங்கும் நூலகம் என்ற எண்ணிம நூலகத்திலும் ஏராளமான நினைவு மலர்கள் இருக்கின்றன, எங்கள் ஊர் மலர்கள் சிலவற்றை நான் அங்கேதான் வாசித்தேன். மலாயா அப்புவினுடைய கல்வெட்டு வெள்ளவத்தையில் ஒரு உறவினரிடம் இருந்தது. பிரசோற்பத்தி வருடம் மார்கழி மாதம். அதாவது 1931 டிசம்பருக்கும் 1932 சனவரிக்கும் இடையில், ஊரிலேயே. படம் எடுத்தபோது அவர் இறந்து ஒன்றரை ஆண்டு.

அப்படியானால் ‘அப்பு’ என்று எழுதியது பொய்யா? பொய்யில்லை, நாங்கள் வாசித்த விதம்தான் பிழை. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக அப்பு என்றால் பேரன், அதாவது தாத்தா; ஆச்சி என்றால் பேத்தி, அதாவது பாட்டி. அதற்கு முந்திய தலைமுறையிலோ பெற்ற தகப்பனையே அப்பு என்றும் பெற்ற தாயையே ஆச்சி என்றும் அழைத்தார்கள். முறைச்சொல் படத்தில் இருப்பவரின் பெயர் அன்று. எழுதிய கைக்கும் அந்த முகத்துக்கும் இடையிலுள்ள உறவு அது. எழுதியது யார் என்று தெரியாமல் அந்தச் சொல்லை வாசித்தால் ஒரு தலைமுறை மேலேயோ கீழேயோ நழுவிவிடும். குஞ்சியப்பு, சீனியப்பு, ஆசையம்மா, பெத்தாச்சி என்று என்ன எழுதியிருந்தாலும் முதற் கேள்வி ஒன்றே: யாருக்கு?

எழுத்தைச் சீட்டுக் கணக்குக் கொப்பியோடு ஒப்பிட்டேன். கொப்பி என் ஆச்சியுடையது என்பதில் சந்தேகமில்லை. ‘பு’ எழுதும்போது அதன் வாலைக் கீழே இழுத்து அடுத்த எழுத்துக்கு அடியால் கொண்டுபோகும் பழக்கம் அவருக்கு இருந்தது. ‘புதுக்கணக்கு’ என்று கொப்பியில் நான்கு இடங்களில் எழுதியிருக்கிறார். நான்கிலும் அந்த வால் ‘து’வைத் தாண்டிப் போகிறது. படத்தின் முதுகில் உள்ள ‘அப்பு’வுக்கும் அதே வால். ஒரு எழுத்தை மட்டும் நம்பாமல் ‘லா’, ‘யா’ ஆகியவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே எழுதியவர் ஆச்சிதான் என்று குறித்துக்கொண்டேன்.

அடுத்தது கனடாவில் இருக்கும் மாமி, என் தகப்பனாரின் அக்கா. முன்பு ஒருமுறை அவரிடம் வீடியோ அழைப்பில் படத்தைக் காட்டி, “மாமி, இது மலாயா அப்புதானே?” என்று கேட்டிருந்தேன். “ஓம் தம்பி, அப்புதான். அந்த மூக்கைப் பார், உன்ர கொப்பற்ற மூக்கு” என்றார் அவர். விடையைக் கேள்விக்குள் வைத்துக் கேட்டால் வயதானவர்கள் பெரும்பாலும் ஓம் என்றே சொல்வார்கள். மறுத்துச் சொல்வது மரியாதையில்லை என்பதும் ஒரு காரணம், எங்களுக்கு வேண்டியதைத் தரவேண்டும் என்ற பாசம் இன்னொரு காரணம். இந்த முறை முகத்தைக் காட்டவில்லை. “மாமி, அந்த பிஸ்கற் ரின் ஆற்ற?” என்று தொடங்கினேன். “அது அம்மாவின்ர. ஒருத்தரையும் தொட விடமாட்டா.” “அவ தன்ர தேப்பனை என்னெண்டு கூப்பிடுறவ?” அந்தப் பக்கம் சிறிது நேரம் சத்தமில்லை. “அப்பு எண்டுதான்” என்றார். பிறகு உடனேயே, “ஆனா அம்மாவின்ர தேப்பன் எங்கட பெத்தப்பா எல்லே, மட்டுவில்ல வயல் செய்தவர். அவர் ஒருநாளும் கப்பல் ஏறேல்லை” என்றார்.

அந்த முடிச்சை அவிழ்த்தது ஒரு தபாலட்டை. அதில் ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் தலை போட்ட மலாயா முத்திரை ஒட்டப்பட்டு, அதன்மேல் ‘பி.எம்.ஏ. மலாயா’ என்று ஆங்கிலத்தில் குத்தப்பட்டிருந்தது. யப்பானியர் சரணடைந்த பின் 1945இல் வந்த பிரித்தானிய இராணுவ நிர்வாகம் பழைய முத்திரைகளின் மேல் இப்படிக் குத்திப் பயன்படுத்தியது. தபால் குறியில் ஆண்டு மங்கியிருந்தாலும் உள்ளே ‘விய௵ ஆனி௴’ என்று இருந்தது; 1946 யூன், யூலை. ‘அம்மான் அவர்களுக்கு’ என்று தொடங்கி, இவ்விடம் சேமம் அவ்விடம் சேமம் அறிய ஆவல் என்று போய், அப்புவின் ஆட்டத் திவசம், அதாவது ஓராண்டுத் திவசம், செய்து முடித்ததாகவும் அக்காவுக்கும் அறிவிக்கும்படியும் சொல்லி, ‘தங்கள் மருமகன்’ என்று முடிகிறது. மருமகன் என்றால் மகளின் கணவனாகவும் இருக்கலாம், சகோதரியின் மகனாகவும் இருக்கலாம். அக்கா அம்மான் வீட்டில் இருக்கிறாள் என்பதால் இரண்டாவதே பொருந்தும். அந்த அக்காதான் என் ஆச்சி. எழுதியவன் படத்தில் முழங்காலில் கை ஊன்றி நின்ற சிறுவன்; 1933இல் ஆறு வயதென்றால் 1946இல் பத்தொன்பது. கோட்டுப் போட்டவர் இவர்கள் இருவருக்கும் தகப்பன். ஓராண்டுத் திவசம் 1946 ஆனியில் என்றால் அவர் இறந்தது 1945 ஆனியில், மலாயாவுக்கும் இலங்கைக்கும் தபால் ஓடாத யப்பானியர் காலத்தில்.

அப்படியானால் மாமியின் ‘பெத்தப்பா’ யார்? அந்த அம்மான்தான். தகப்பன் கடல் கடந்திருக்க, ஆச்சியை வளர்த்துக் கல்யாணம் செய்துகொடுத்தவர் தாய்மாமன். இதற்குச் சாட்சி ரின்னில் இருந்த, அவருடைய செத்தவீட்டுப் படம். அந்தக் காலத்தில் செத்தவீட்டில் பிரேதத்தை நடுவில் வைத்து உறவினர் சுற்றி நின்று ஒரு படம் எடுப்பார்கள். அப்படத்தில் நிற்கும் இடமும் கையில் இருக்கும் பொருளும் உறவைச் சொல்லும். மொட்டை அடித்துத் தர்ப்பை போட்டிருப்பவர் கொள்ளி வைக்கிறவர். பந்தம் பிடிப்பவர்கள் பேரப்பிள்ளைகள். பந்தத்தோடு நின்றவர்களில் என் தகப்பனாரும் ஒருவர், மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் இல்லாமல். அவர் 1950இல் பிறந்தவர். பற்கள் அந்த நிலையில் இருந்தால் ஏழு வயது சொல்லலாம். பந்தலுக்கு வெளியே ஒரு காரின் பின்பக்கம் தெரிகிறது. இலக்கத் தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்து. அந்த எழுத்து 1957இல்தான் வந்தது. ஆக, 1957 அல்லது 58. பந்தம் பிடித்தபடியால் பிள்ளைகள் அவரைச் சொந்தப் பேரன் என்றே நம்பி வளர்ந்திருக்கிறார்கள். சடங்கில் நின்ற உறவையே அந்தப் படம் காட்டியது. பெற்றவர் யார் என்று அது சொல்லவில்லை.

கார் இலக்கத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை சொல்லவேண்டும். இலக்கம் படத்தின் முந்திய எல்லையை மட்டும் தரும். 1957க்கு முன் இரண்டு ஆங்கில எழுத்துகளோடு பதிவான ஓஸ்ரின் ஏ40களும் மொறிஸ் மைனர்களும் 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் எங்கள் வீதிகளில் புகைத்துக்கொண்டு ஓடின. பழைய கார் தெரிகிறது என்பதற்காகப் படத்தைப் பழையதாக்கினால் நாற்பது ஆண்டு பிசகும்.

அந்தச் செத்தவீட்டுப் படத்துக்கு இன்னொரு குறை உண்டு. ரவுணில் ஒரு கடையில் பிரதி எடுக்கக் கொடுத்தபோது, ஸ்கானருக்குள் அடங்கவில்லை என்று தடித்த மட்டையின் அடியை வெட்டிவிட்டார்கள். ஸ்ரூடியோவின் பெயர் அங்கேதான் இருந்திருக்கும். இப்போது ஒரு எழுத்தின் மேல்வளைவு மட்டும் இருக்கிறது. “அதில ஒண்டும் இல்லைத்தானே” என்றார் கடைக்காரர். மூலப்படத்தைக் கையை விட்டு அனுப்பாதீர்கள், கூடவே நில்லுங்கள். கைபேசியில் முகத்தைத் தெளிவாக்கித் தரும் செயலிகளையும் நான் இந்த வேலைக்குப் பயன்படுத்துவதில்லை. அவை இல்லாத கண்ணையும் மூக்கையும் தாமாக வரைந்து தருகின்றன, பிறகு அந்த மூக்கை வைத்து ஒருவர் சாயல் சொல்வார்.

மற்றப் படங்களில் ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். முதிய பெண் ஒருவரின் மங்கிய படம், இருப்பதில் மிகப் பழையது என்று நாங்கள் பெருமைப்பட்டது. பக்கத்துக் கடையில் கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கை வாங்கி இருட்டில் பிடித்தபோது தாள் நீலமாகப் பளீரென்று ஒளிர்ந்தது. 1950களில்தான் படத்தாளுக்கு வெண்மையூட்டும் பொருளைச் சேர்க்கத் தொடங்கினார்கள். ஒளிர்ந்தால் தாள் அதற்கு முந்தியது அன்று. உற்றுப் பார்த்தால் நான்கு மூலையிலும் குண்டூசித் தலைகளின் நிழல் இருக்கிறது: பழைய படம் ஒன்றைச் சுவரில் குத்திவைத்துப் பின்னாளில் எடுத்த பிரதி. பெண் பழையவர், தாள் புதிது. கண்டி ஏரியின் காட்சி அச்சிட்ட தபாலட்டை ஒன்றும் இருக்கிறது, அதை வைத்து ஆச்சி கண்டியில் இருந்தவர் என்று ஒரு கதை உலவியது. தபால் குறி மாங்குளம். 1890இல் கொழும்பில் தொடங்கிய பிளாற்றே போன்ற நிறுவனங்கள் இப்படியான காட்சி அட்டைகளைப் பெருந்தொகையில் அச்சிட்டு விற்றன, எவரும் எங்கிருந்தும் வாங்கி அனுப்பலாம்.

மாமிக்கு எல்லாவற்றையும் ஒழுங்காக அனுப்பி வைத்தேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் எடுத்து, “அப்ப இவ்வளவு நாளும் ஆருக்கடா விளக்கு வைச்சனீங்கள்?” என்று கேட்டுச் சிரித்தார், பிறகு அழுதார். படத்தைக் கழற்ற வேண்டாம், பெயரை மட்டும் மாற்று என்றார். அப்படியே செய்தேன், 1945 ஆனி என்று கீழே எழுதியிருக்கிறேன். மலாயா அப்புவின் முகம் எங்களிடம் இல்லை என்பதும் இப்போது தெரிந்துவிட்டது.

மூலப்படம் ஒரு கடதாசி உறைக்குள் இருக்கிறது. உறையின் மேல், படத்தை உள்ளே வைப்பதற்கு முன்னரே, மெல்லிய பென்சிலால் இப்படி எழுதினேன்: ‘பின்பக்கத்தில் உள்ள அப்பு, எழுதியவரின் தகப்பன். எழுதியவர் என் தகப்பனின் தாய். சிறுவன் அவருடைய தம்பி. முழங்காலில் கை வைத்திருப்பவன். தம்பிக்கு 1946க்குப் பிறகு என்ன நடந்தது என்று தெரியாது.’ அதற்குக் கீழே என் முழுப்பெயரையும், நான் யாருக்கு மகன் என்பதையும், எழுதிய திகதியையும் போட்டேன்.